நுகர்வோர் கோர்ட்டா, திவால் சட்டமா? தனியாக ஆபீஸ் போடும் ஜூனியர்களுக்கு

சீனியர் வக்கீலிடம் நாலு வருஷம் இருந்துவிட்டு வெளியே வரும் ஜூனியர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. இரண்டு பக்கமும் வழக்கு நடத்தியவன் என்பதால் பட்டதைச் சொல்கிறேன்.

வருமானத்தை வைத்துப் பார்த்தால் திவால் சட்டம்தான், போட்டியே கிடையாது. 2016-ல் வந்த திவால் சட்டமான ஐ.பி.சி.யின்படி (குற்றவியல் ஐ.பி.சி. அல்ல) ஒரு கம்பெனியைக் கம்பெனித் தீர்ப்பாயத்துக்கு இழுக்க, பாக்கி குறைந்தது 1 கோடி ரூபாய் இருக்க வேண்டும். 2020 மார்ச் வரை 1 லட்சம்தான். வங்கி, சரக்கு கொடுத்தவர், கம்பெனியை வாங்க வருபவர், பழைய முதலாளி என எல்லோருக்கும் தனித்தனி வக்கீல் வேண்டும். நுகர்வோர் கோர்ட் என்று நாம் சொல்லும் நுகர்வோர் ஆணையத்திலோ கட்சிக்காரரே நேரில் வந்து வாதாடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம்கூட இல்லை. 30,000 ரூபாய் வாஷிங் மெஷின் கேஸில் என்ன ஃபீஸ் கேட்பீர்கள்?

ஆனாலும் முதல் ஐந்து வருஷத்துக்கு நான் நுகர்வோர் பக்கம்தான் கைகாட்டுவேன். புகார் எழுதுவதிலிருந்து ப்ரூஃப் அஃபிடவிட் (சாட்சியத்தை எழுத்தில் தரும் பிரமாணப் பத்திரம்), வாதம் வரை எல்லாம் உங்கள் கையில். ஒரே வாரத்தில் இன்சூரன்ஸ், பில்டர், ஆஸ்பத்திரி என்று மூன்று உலகம் பார்க்கலாம். 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகு கேஸ் ஷீட் படிக்கத் தெரியாமல் இங்கே காலம் தள்ள முடியாது. திவால் வழக்குகளில் ஜூனியருக்குப் பல வருஷம் சீனியர் கவுன்சிலுக்குப் பக்கம் எடுத்துக் கொடுக்கும் வேலைதான். பேலன்ஸ் ஷீட் நன்றாகப் பழகும், வாய் திறக்க வாய்ப்பு குறைவு.

ஊரும் முக்கியம். நுகர்வோர் ஆணையம் மாவட்டங்களில் இருக்கிறது. கம்பெனித் தீர்ப்பாயத்துக்குத் தமிழ்நாட்டில் சென்னை அமர்வு மட்டும்தான். திருநெல்வேலிக்காரருக்கு இதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

வேகத்தில் இரண்டும் ஒன்றுதான். சட்டம் நுகர்வோர் வழக்குக்கு 3 மாதம், திவால் வழக்குக்கு 330 நாள் என்கிறது. வாய்தா வேறு கணக்கு சொல்கிறது.

இரண்டு சட்டமும் சந்திக்கிற இடம், பணம் கட்டிவிட்டு வீடு கிடைக்காமல் நிற்பவர். ஐ.பி.சி.யின் 2018 திருத்தம் அவரையும் வங்கியைப் போல நிதிக் கடன் கொடுத்தவராக ஏற்றது. நுகர்வோர் ஆணையம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்), திவால் என மூன்று வழியும் அவருக்குத் திறந்தே இருக்கின்றன என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் 2020-ல், ஒரே திட்டத்தில் 100 பேர் அல்லது 10 சதவீதம் பேர் சேர்ந்தால்தான் திவால் மனு என்று கதவை ஒடுக்கிவிட்டார்கள். தனியாக வருபவருக்கு நான் ஆணையத்தைத்தான் சொல்வேன்.

என்னை உறுத்துவது வேறு ஒருவரின் நிலைமை. கிரெடிட் கார்டிலும் கந்து வட்டியிலும் மூழ்கிப்போன சாதாரண மனிதர். கடன் கொடுத்தவர் ஏமாற்றியிருந்தால் ஒழிய நுகர்வோர் சட்டம் அவருக்கு உதவாது. ஐ.பி.சி.யின் தனிநபர் பகுதியோ, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலானது. ஏழைகளுக்கென்று அதில் எழுதிவைத்த கடன் விடுவிப்பு இன்னும் காகிதத்தில்தான் கிடக்கிறது. அவருக்கு மிச்சம் ஐ.பி. மனு எனும் பழைய திவால் மனுதான், ஊர்ப் பேச்சில் மஞ்சக் கடுதாசி. சென்னை என்றால் 1909-ம் வருஷச் சட்டம், மற்ற ஊர்களில் 1920-ம் வருஷச் சட்டம். அந்த ஐ.பி. மனுவை ஒழுங்காகப் போடத் தெரிந்த இளம் வக்கீல்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் சரி, அந்த இரண்டு பழைய சட்டங்களையும் ஒரு முறை முழுசாகப் படித்து வையுங்கள். அப்படி ஒருவர் உங்கள் ஆபீஸ் படியேறினால் திருப்பி அனுப்பாதீர்கள்.