ஆவணியில நயினாதீவுக் கலியாணம்: தங்கினது, போனது, சுத்திப் பாத்தது

அண்ணைன்ர மகளின்ர கலியாணம் யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட இருக்கிற நயினாதீவில, நாகபூசணி அம்மன் கோயில்ல நடந்தது. கனடா, லண்டன், சுவிஸ், சென்னை எண்டு எல்லாப் பக்கத்தாலயும் ஆக்கள் வந்தவை, அதில அரைவாசிப்பேர் தீவுப்பக்கம் காலே வைக்காதவை. இப்ப கனபேர் போன் எடுத்து எங்க தங்கினீங்கள், எப்பிடிப் போனீங்கள், வயசு போன ஆக்களைப் படகில ஏத்தலாமோ எண்டு கேக்கினம், தங்கட பிள்ளையளுக்கும் அங்கயே வைக்கிற யோசினையில இருக்கினம் போல, அதால தெரிஞ்சதை எழுதிவிடுறன்.

முதல்ல திகதி, ஏனெண்டால் மற்ற எல்லாம் அதிலதான் தொங்குது. ஆடியில எங்கட ஆக்கள் கலியாணம் வைக்க மாட்டினம், செப்டெம்பர் பிறந்தால் வெளிநாட்டுப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம், அதால எல்லாற்ற முகூர்த்தமும் ஆவணி பிறந்த கையோட வந்து குவியுது. அதே நேரம் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா, 25 நாள், தீர்த்தம் ஆவணி அமாவாசைக்கு. யாழ்ப்பாண டவுன்ல அந்த நேரம் ரூம் எடுக்கிறது சாமானிய வேலையில்லை. நாங்கள் மாசக்கணக்கா முன்னமே சொல்லி அட்வான்சும் கட்டின ஒரு ஹோட்டல், கலியாணத்துக்குக் கிட்டவா வந்து நிக்கேக்க போன் எடுத்து ரெண்டு ரூம் குறையுது எண்டு சொல்லிச்சுது. காசைத் திருப்பித் தாறம் எண்டினம், அந்த நேரம் காசை வச்சு நான் என்ன செய்ய? லண்டன்ல இருந்து வாற சித்தப்பாவும் சித்தியும் எங்க படுக்கிறது? ஆனபடியால் புக்கிங்கை வட்ஸ்அப்பில ஒரு தம்ஸ்அப்போட விடாமல், ரசீதை எழுத்தில வாங்கி வையுங்கோ, ஊரில நிக்கிற ஆரையாவது கிழமைக்கு ஒருக்கா நேர போய் முகத்தைக் காட்டிப்போட்டு வரச் சொல்லுங்கோ.

ஆனா எங்களுக்கு உண்மையா நல்லா அமைஞ்சது டவுன் இல்லை, நயினாதீவுக்குப் படகேறுற பக்கத்துத் தீவு, புங்குடுதீவுதான். அங்க பூட்டிக் கிடக்கிற வீடுகள் கன இருக்கு, சொந்தக்காரர் எல்லாம் வெளிநாட்டில, பக்கத்து வீட்டில ஒரு ஆள் திறப்பை வச்சுக்கொண்டு விளக்கேத்தி, கூட்டித் துடைச்சுப் பாத்துக்கொண்டிருப்பார். அப்பிடி மூண்டு வீடு கேட்டு எடுத்தம். சொந்தக்காரர் வாடகை வேண்டாம் எண்டிட்டினம், நாங்கள் வீட்டைப் பாக்கிற ஆக்களுக்கும், சமைச்ச அக்காவையளுக்கும், பாய் தலையணை கொண்டந்து தந்த பெடியளுக்கும் ஹோட்டலுக்குக் குடுத்திருக்கிற காசைப் பிரிச்சுக் குடுத்தம். இதை நான் அழுத்திச் சொல்லுறன், தீவில கலியாணம் எண்டு கொழும்பில இருந்து ஆக்களையும் சாமானையும் லொறியில ஏத்தி வந்து, முடிஞ்ச உடன திரும்ப ஏத்திக்கொண்டு போனால் அந்த ஊருக்கு என்ன மிச்சம்? அங்க இருக்கிற சனம் நல்லாச் செய்யும், நம்பிக் குடுங்கோ.

தண்ணிதான் பெரிய விசயம். புங்குடுதீவில கனக் கிணறு உவர், குடிக்க பவுசரில, அதுதான் தண்ணி லொறியில, வரும், இல்லாட்டிப் போத்தில்தான். எங்களுக்கு வீடு பாத்த அக்கா ஒவ்வொரு குளியலறையிலயும் பெரிய வாளியில கிணத்துத் தண்ணியும், பக்கத்தில மூடி போட்ட சின்ன வாளியில நல்ல தண்ணியும் வச்சிருந்தா. "தலைக்கு உப்புத் தண்ணியை வார்த்துப்போட்டு கடைசியா இதில ஒரு செம்பு ஊத்துங்கோ பிள்ளை, இல்லாட்டி கலியாணத்துக்கு மயிர் சிக்குப் பிடிச்சு நிக்கும்" எண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாச் சொன்னா. ரொறொன்ரோவில அரை மணித்தியாலம் ஷவர் திறந்து விடுற எங்கட பிள்ளையள் ஒரு செம்போட குளிச்சு முடிச்சு வந்ததைப் பாக்க எனக்குச் சந்தோசமா இருந்தது.

கொழும்பில இருந்து வாறது பற்றிப் பெரிசாச் சொல்ல இல்லை. ரெயின் வசதி, ஆனா சீட் புக்கிங் திறந்த உடன முடிஞ்சிடும், ஊரில ஆரையும் முந்தியே எடுக்கச் சொல்லி வையுங்கோ. கூட்டமா வாறதெண்டால் ஒரு வான் பிடிச்சு ரோட்டால வாறதுதான் சரி. சென்னை ஆக்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையத்துக்கு நேர பிளேன்ல வந்து இறங்கிச்சினம், 2019ல திறந்து இடையில நிண்டுபோய் 2022 டிசம்பர்ல திரும்பத் துடங்கின சேவை, சின்ன பிளேன், அதால பொதி நிறையைக் கவனிக்க வேணும், கூறைச்சேலையும் நகையும் கையோட வரட்டும்.

யாழ்ப்பாணத்தில இருந்து பண்ணைப் பாலத்தால ஏறி மண்கும்பான், வேலணை, பிறகு கடலுக்கு நடுவில நீளமாக் கிடக்கிற பாலத்தால புங்குடுதீவு, அங்கால குறிகட்டுவான் இறங்குதுறை. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட வச்சுக்கொள்ளுங்கோ, ஏனெண்டால் எங்கட ட்ரைவர் அண்ணை மண்கும்பான் பிள்ளையாரடியில நிப்பாட்டாமல் போக மாட்டார், நிப்பாட்டத்தான் வேணும்.

இனிப் படகு. குறிகட்டுவானில இருந்து நயினாதீவுக்கு இருவது நிமிசம் வராது, ஆனா வெள்ளிக்கிழமை, அதுவும் ஆவணி, அம்மனுக்கு வாற சனமும் அங்க இருக்கிற புத்த கோயில், நாகவிகாரைக்கு வாற சிங்களச் சனமும் சேந்து லைன் வீதி வரைக்கும் நிக்கும். அதால ரெண்டு விசயம் செய்தம். ஒண்டு, ஐயரோட கதைச்சு முகூர்த்தத்தைப் பத்து மணிக்குப் பிறகு எடுத்தம், விடிய நாலு மணி முகூர்த்தம் எண்டால் மாப்பிள்ளை பகுதி முழுக்க முதல்நாளே தீவில தங்க வேணும், அவ்வளவு பேருக்கு அங்க இடம் காணாது. மற்றது, எங்களுக்கெண்டு தனியா ரெண்டு படகு பேசினம். திரும்பி வாறதுக்கும் சேத்துப் பேசுங்கோ, பின்னேரத்தோட படகு குறைஞ்சிடும்.

ஆவணியில சோளகக் காத்து, தென்மேற்கால அடிக்கிறது, இன்னும் விடாது, கடல் கொஞ்சம் அடிக்கும். எனக்குப் பெரியம்மாவை நினைச்சுத்தான் பயம், எம்பது தாண்டினவ, முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவ. படகுக்காரத் தம்பி ஒரு காலைப் படகின்ர விளிம்பிலயும் மற்றக் காலைத் துறையிலயும் வச்சுக்கொண்டு அவவின்ர ரெண்டு முழங்கையையும் பிடிச்சபடி நிண்டார், அவசரப்படேல்லை. அலை வந்து படகைக் கீழ இறக்கேக்க "பொறுங்கோ அம்மா", திரும்ப ஒரு அலை, "பொறுங்கோ", மூண்டாவது அலைக்குப் படகு துறை மட்டத்துக்கு எழும்பி வந்த கணத்தில "இப்ப வையுங்கோ காலை" எண்டார், பெரியம்மா வீட்டுப்படி தாண்டுற மாதிரி தாண்டிப் போட்டா. பின்னால நிண்ட சனம் ஒருத்தரும் முணுமுணுக்கேல்லை. இந்தச் சேவைக்கு எந்த வெப்சைட்டிலயும் ஸ்டார் குடுக்க ஏலாது, கையில நல்லாக் குடுங்கோ. உள்ளுக்க கூரை பதிவு, குனிஞ்சுதான் போகவேணும், மயக்கம் வாற ஆக்களைக் கதவடியில காத்துப் படுற பக்கமா இருத்துங்கோ, லைஃப் ஜாக்கெட்டைக் கூறைச்சேலைக்கு மேலயெண்டாலும் போடுங்கோ.

தாலி கட்டி முடிய வந்த ஆக்கள் கனபேர் கோயில் அமுதசுரபி மண்டபத்தில அன்னதானம் சாப்பிட்டவை. எங்கட பந்திச் சாப்பாடு வேற இருந்தது, ஆனாலும் அதில இருந்து சாப்பிட வேணும் எண்டு அண்ணை நிண்டார், அண்டைய அன்னதானத்துக்கு ஒரு பங்கும் கட்டினவர்.

அடுத்தநாள் சனிக்கிழமை இளம் ஆக்களை நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனம், அது ஒரு மணித்தியாலக் கடல். இதில ஒரு வேண்டுகோள். வடதாரகை எண்டது நெடுந்தீவுக்கு ஓடுற அரசாங்கப் படகு, காசில்லை எண்டு கலியாணக் கூட்டம் முழுக்க அதில ஏறினால், ஆஸ்பத்திரிக்குப் போட்டு வாற நெடுந்தீவுச் சனம் துறையில நிக்கும். எங்களுக்கு அது சுற்றுலா, அவைக்கு அது ரோட்டு. தனிப்படகு பிடியுங்கோ, பங்கு போட்டால் ஒருத்தருக்குப் பெரிய காசு வராது.

அங்க இறங்கி ரெண்டு ஓட்டோவும் ஒரு லாண்ட்மாஸ்டரும் (பெட்டி பூட்டின சின்ன உழவு மெஷின்) பிடிச்சு ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கு மரம் (பாவோபாப்), முருகைக்கல்லு, அதுதான் பவளப்பாறைக் கல்லு, அடுக்கின வேலியள், தெற்குப் பக்கம் வெட்டையில மேயிற குதிரையள் எல்லாம் பாத்தம். மத்தியானத்துக்கு முன்னம் சுத்தி முடியுங்கோ, நிழல் குறைவு. இறங்குதுறையடியில 1985 மே 15 நெடுந்தீவுச் சனம் போய் வந்த குமுதினிப் படகில வெட்டிக் கொல்லப்பட்ட சனத்துக்கு நினைவுத்தூபி இருக்கு. பிள்ளையளுக்கு அதைச் சொல்லாமல் குதிரையை மட்டும் காட்டிக்கொண்டு வர எனக்கு மனம் வரேல்லை, அதில நிண்டு பெரியாக்கள் சொன்னவை, பிள்ளையள் கேட்டவை, பிறகுதான் படகேறினனாங்கள்.

நண்டுக்கறியும் கூழும் எண்டு கனவோட வந்த ஆக்களுக்கு ஒரு தகவல், நல்லூர்க்கொடி ஏறினால் கன வீட்டில மச்சம், அதுதான் மீன் இறைச்சி, இல்லை, எங்களுக்கும் மூண்டு நாளும் மரக்கறிதான். ஆனா அது பனம்பழக் காலம், பின்னேரம் வர வீடு பாத்த அக்கா சுடச்சுடப் பனங்காய்ப் பணியாரம் போட்டுத் தந்தா, சுவிஸ் மருமகன் ஒரு சட்டியைத் தனியா முடிச்சவர். அதை வேணுமெண்டால் முதல்நாளே சொல்லி வையுங்கோ, பழம் பிழிஞ்சு களி எடுத்துக் காய்ச்ச அவைக்கு நேரம் வேணும்.