வீட்டில் பீர் காய்ச்சும்போது எழும் ஆவி: விசிறியா, ஆவி ஒடுக்கியா?

23 லிட்டர் பீருக்கான வோர்ட்டை (நொதிக்கும் முன் உள்ள மால்ட் சாற்றை) ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தால், மூன்று நான்கு லிட்டர் நீர் ஆவியாகிவிடும். கனடாவின் ஜனவரியில், ஜன்னல் அடைத்த நிலக்கீழ் அறையில் அது எங்கே போகும்? என் வீட்டில் கூரைப் பலகையில் முத்து முத்தாகக் கோத்து நின்றது. சில வாரங்களில் மூலையில் கரும்பூஞ்சை படர்ந்துவிட்டது.

கொதிகலத்துக்கு மேல் ஆவி பிடிக்கும் கூண்டும் வெளியேற்று விசிறியும் வைத்தால் திறந்தே கொதிக்க விடலாம். பொங்கி வருவது கண்ணில் படும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் போடுவதும் எளிது. ஆனால் விசிறி வீட்டின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. ஈடாக உறைகுளிர்க் காற்று உள்ளே வருகிறது.

மூடியோடு இணையும் ஆவி ஒடுக்கியில், மெல்லிய குளிர்நீர்த் தூவல் ஆவியைத் தொட்டவுடன் நீராக்கி வடிகாலுக்கு அனுப்பிவிடுகிறது. வேகவைத்த சோள வாடை தரும் டைமெத்தில் சல்ஃபைடும் அந்நீரோடு போய்விடும். வெறும் மூடி போட்டால் அது பீரிலேயே தங்கிவிடும். ஒடுக்கியோடு மூடியிருப்பதால் மின்சூட்டைக் குறைத்தாலும் கொதி நிற்பதில்லை. மணிக்கு இருபது லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் செலவாகும். அதை வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவுகிறேன்.

நான் ஒடுக்கியின் பக்கம். கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அதைச் சொல்ல மாட்டேன்: எரியும் கேஸிலிருந்து வரும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடை ஒடுக்கி தொடாது, விசிறி இல்லாமல் பற்றவைக்கவே கூடாது.