சிறு தீவுகளின் வியாபாரிகளுக்கு எந்தப் பயிற்சி உதவும்: கணக்கு வகுப்பா, இரண்டு பெட்டியா, சந்தையா?

சிறு தீவு நாடுகளில் மளிகைக் கடையோ ரொட்டிச்சாலையோ தையல் கடையோ நடத்துபவருக்கு வியாபாரத் திறன் கற்பிக்க மூன்று வழிகள் உண்டு: முழுமையான கணக்கு வகுப்பு, ஓரிரு எளிய விதிகளை மட்டும் பழக்கும் பயிற்சி, வாங்குபவரைக் கண்டுபிடித்துக் கொடுத்து அதன் ஊடே தொழிலைக் கற்றுத்தரும் முறை.

வகுப்பறை வழியில் பெயர்பெற்றது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 'தொழிலைத் தொடங்கு, மேம்படுத்து' பாடத்திட்டம். 1970களில் சுவீடன் முதலாளிகள் கூட்டமைப்பு உருவாக்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்த இது, இன்று நூறு நாடுகளுக்கு மேல் பரவியுள்ளது. விலை வைப்பது, சரக்கு இருப்பு, கொள்முதல், வரவு செலவு என எதையும் விடாமல் கற்பிப்பதால், வங்கிக் கடனுக்குக் கணக்கு காட்ட வேண்டியவருக்கு இது பயன்படும். ஆனால் ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவர் வகுப்புக்குப் போகும் நாளில் கடையை அடைத்தாக வேண்டும். பல நாடுகளின் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து உலக வங்கிப் பொருளியலாளர் டேவிட் மெக்கென்சி 2021-இல் கணக்கிட்டபோது, சராசரியாக விற்பனை 4.7 சதவீதமும் இலாபம் 10.1 சதவீதமும் உயர்ந்திருந்தன. இது வீண் அல்ல. ஆனால் வறுமையைத் தீர்க்கும் அளவும் அல்ல.

இரண்டாம் வழியை முதல் வழியோடு நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசில் நடந்தது. அதன் தலைநகர் சாண்டோ டொமிங்கோவில் அடோபெம் என்னும் சிறுகடன் வங்கியின் வாடிக்கையாளர்களில் ஒரு பிரிவினருக்கு முறையான கணக்கியலும், மற்றொரு பிரிவினருக்குக் கைப்பழக்க விதிகளும் கற்பிக்கப்பட்டன. வீட்டுப் பணத்துக்கு ஒரு பெட்டி, கடைப் பணத்துக்கு ஒரு பெட்டி. உரிமையாளர் தமக்கென நிலையான சம்பளம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் போனால் கடன் சீட்டு எழுதிப் போட வேண்டும். பாடத்தின் சாரம் இவ்வளவுதான். 2014-இல் வெளியான முடிவுகளின்படி, விதிகள் கற்றவர்களின் கணக்கு வைப்பும் விற்பனையும் மேம்பட்டன. முறையான கணக்கியல் கற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. மாலையில் கடை அடைக்கும்போது களைத்துப்போன கைக்குப் பேரேடு எழுதத் தெம்பிருக்காது, பணத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்பது மட்டும் நினைவிருக்கும் என்பதே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இந்த விதிக்குக் கடினமான சோதனை பசிபிக் தீவு நாடான சமோவாவில் காத்திருக்கிறது. அங்கே திருமணம், சாவு, பட்டம் சூட்டும் சடங்கு ஆகியவற்றுக்கு உறவினர் பணமும் பொருளும் தந்தே ஆக வேண்டிய கடமையை 'ஃபாலாவெலாவே' என்கிறார்கள். தேவாலயக் காணிக்கை இதற்கு மேல். கடைக்காரரிடம் சாவு வீட்டுக்கு டின் மீன் கேட்டு வரும் மைத்துனரை மறுக்க முடியாது. மறுப்பவர் ஊரில் வாழவும் முடியாது. அங்கே இரண்டு பெட்டி போதாது, சடங்குக்கென்று மூன்றாவது பெட்டி ஒன்றும் வேண்டும். இந்தக் கடமையை ஒழுங்கின்மையாகப் பார்க்கும் பயிற்சியாளர், கேட்பவரை முதல் நாளிலேயே இழந்துவிடுவார்.

மூன்றாம் வழியும் சமோவாவில் வேரூன்றியிருக்கிறது. 1991 முதல் இயங்கும் 'விமன் இன் பிசினஸ் டெவலப்மென்ட்' என்னும் தொண்டு அமைப்பு கிராமக் குடும்பங்களைக் கொண்டு தேங்காய் எண்ணெய் பிழியச் செய்து, தி பாடி ஷாப் போன்ற வெளிநாட்டு அழகுசாதன நிறுவனத்துக்கு விற்றுக் கொடுத்தது. தேங்காயைத் துருவி, சூடான தட்டில் உலர்த்தி, கையால் அழுத்திப் பிழிவது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும். தாமதித்தால் தரம் குறையும். இயற்கை வேளாண் சான்றிதழ் வேண்டுமென்றால் எந்தத் தோட்டத்துக் காய் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். இங்கே பதிவேடு, விற்பனை நடப்பதற்கே தேவையான கருவி. ஆகவே கற்க யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. பலவீனமும் இதிலேயே இருக்கிறது: வாங்குபவர் விலகினால் கற்ற திறனுக்கு வேலையின்றிப் போகும்; இடைநிலை அமைப்பின் வலிமையைப் பொறுத்தே எல்லாம் நிற்கும்.

உள்ளூருக்கு மட்டும் விற்கும் கடைக்கு இரண்டாம் வழியையும், ஏற்றுமதிக்கு உகந்த விளைபொருள் உள்ள ஊருக்கு மூன்றாவதையும் நான் தேர்வேன். கடன் வாங்கி விரிவடையும் தொழிலுக்கே முதல் வழி தகும். ஆயினும் சமோவாவின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ இரண்டு இலட்சம்தான். ஒரே கிராமத்தில் பத்துப் பேருக்கு ரொட்டி வியாபாரம் கற்றுக் கொடுத்தால், அதே ரொட்டியை அதே வாடிக்கையாளருக்குப் பத்தாகப் பிரித்து விற்பதுதான் நடக்கும். எனவே பயிற்சிக்கு ஆள் சேர்ப்பவர்கள் முதலில் அந்த ஊரில் ஏற்கெனவே எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்று எண்ணிக்கொண்டு வர வேண்டும்.