கஞ்சிக்கோட்டில் ஜிங்க் சிலிக்கேட் பிரைமர் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

ஜனவரியில் என் பட்டறையிலிருந்து போன 18 டன் இரும்புச் சட்டங்கள் ஏப்ரலில் திரும்பி வந்தன. லாரியிலிருந்து இறக்கும்போதே பெயிண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேல்பூச்சான எபாக்சி பெயிண்டின் முதுகில் சாம்பல் நிறத் தூள். சட்டத்திலும் அதே தூள். விரலால் தேய்த்தால் அடுப்புச் சாம்பலைப்போல் அப்பிக்கொண்டது. இரும்பைப் பற்றி நிற்க வேண்டிய அடிப்பூச்சான ஜிங்க் (துத்தநாக) பிரைமர் தனக்குள்ளேயே பிளந்திருந்தது.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பாலக்காடு கஞ்சிக்கோட்டில் பட்டறை நடத்தும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கையில் பிளாஸ்டிங் வசதி, அதாவது மணலை வேகமாக அடித்து இரும்பைச் சுத்தம் செய்யும் வசதி, கிடையாது. அதனால் எத்தில் சிலிக்கேட் ஜிங்க் பிரைமர் 75 மைக்ரான், அதன்மேல் எபாக்சி என்று பேசி, மணல் அடிப்பது முதல் எல்லாவற்றையும் ஒரு பெயிண்டிங் ஒப்பந்ததாரரிடம் விட்டேன். பட்டறைக்கே ஆட்களையும் கம்ப்ரசரையும் கொண்டுவந்து செய்தார்கள். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வழக்கறிஞரின் நோட்டீஸ் போயிருக்கிறது.

இந்தப் பிரைமரைப் பற்றி நான் தாமதமாகத் தெரிந்துகொண்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்வது வேறு, இறுகுவது வேறு. அடித்த சற்று நேரத்திலேயே அதிலுள்ள கரைப்பான் பறந்துவிடும். தொட்டால் கையில் ஒட்டாது. ஆனால் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் எத்தில் சிலிக்கேட் ஆல்கஹாலை வெளியே விட்டு, சிலிக்கா வலையாக மாறி, துத்தநாகத் துகள்களை ஒன்றோடொன்றும் இரும்போடும் கட்டுகிறது. பெரும்பாலான பெயிண்டுக்கு ஈரம் பகை. இதற்கு ஈரம்தான் உயிர். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் இறுகுவது மிகவும் மந்தமாகிவிடும்.

நம் ஊர் எது? பாலக்காட்டுக் கணவாய். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று நேராக நம் பட்டறைக்குள்தான் நுழைகிறது. அந்த வாரம் உதடு வெடித்தது. காலையில் துவைத்துப் போட்ட வேட்டி அரை மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்தது. மறுநாள் மாலையே எபாக்சி அடிக்க ஸ்ப்ரே கன்னை எடுத்தார்கள். இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டேன். "நன்றாகக் காய்ந்துவிட்டதுங்க அண்ணா, தொட்டுப் பாருங்கள்" என்றார் மேற்பார்வையாளர். தொட்டேன், கையில் ஒட்டவில்லை. நம்பினேன்.

ஏப்ரலில் அவர்கள் கொடுத்திருந்த பதிவுத்தாள்களை எடுத்துப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. நாள்தோறும் ஈரப்பதம் 68, 70, 72 என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில். பொங்கலன்று பட்டறை பூட்டிக் கிடந்தது. சாவி என்னிடம் இருந்தது. அன்றைக்கும் 70 என்று எழுதியிருக்கிறார்கள்! ஈரப்பதமானி என்ற ஒன்றை அவர்கள் கையில் நான் கண்டதே இல்லை. எம்இகே என்ற கரைப்பானில் நனைத்த துணியால் தேய்த்து, பிரைமர் இறுகிவிட்டதா என்று பார்க்கும் சோதனைக்கு நேரே "தேர்ச்சி" என்றிருந்தது. அந்தக் கரைப்பானில் ஒரு லிட்டர்கூட என் வளாகத்துக்குள் வரவில்லை. தெரியாமல் செய்த பிழையென்றால் மன்னித்திருப்பேன். என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு, என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்துதானே இருக்கும்?

இத்தனைக்கும் மாற்று வழி செலவில்லாதது. காற்று வறண்டிருந்தால், பிரைமர் அடித்துச் சில மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரைப் பனிபோலத் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். தயாரிப்பாளர்களின் விவரத்தாள்களிலேயே இது இருக்கிறது. இரண்டு நாள் தண்ணீர் தெளித்துக் காத்திருக்க அவர்களுக்கு மனமில்லை, அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும். எனக்கோ ஏறக்குறைய 18 டன்னையும் வெற்று இரும்பு வரை மறுபடி பிளாஸ்ட் செய்து, முதலிலிருந்து அடிக்க வேண்டியதாயிற்று. இறுகாத ஜிங்க்கின் மேல் ஒட்டுப்போட வழியே இல்லை.

எபாக்சி அடிக்க விடுவதற்கு முன் எம்இகேயில் நனைத்த துணியால் உங்கள் கண்முன்னே 50 முறை முன்னும் பின்னும் தேய்க்கச் சொல்லுங்கள். துணியில் இலேசாகச் சாம்பல் நிறம் படிந்தால் பயமில்லை. பூச்சு கரைந்து வந்தாலோ, இரும்பு தெரிந்தாலோ நிறுத்திவிடுங்கள். அவசரத்துக்கு ஒரு ரூபாய் நாணயம் போதும்: சுரண்டினால் இறுகிய பிரைமர் உலோகம்போல் பளபளக்கும், இறுகாதது தூளாகக் கொட்டும். ஈரப்பதமானியை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அளவை நீங்கள் எழுதுங்கள், கையெழுத்தை அவர்கள் போடட்டும்.

பணம் இன்னும் திரும்பி வரவில்லை. ஒரே ஒரு சட்டத்தை மட்டும் பிளாஸ்ட் செய்யாமல் பட்டறை வாசலில் அப்படியே சாய்த்து வைத்திருக்கிறேன். கஞ்சிக்கோட்டில் யார் வேண்டுமானாலும் வந்து விரலால் தேய்த்துப் பார்க்கலாம்.