கொட்டைத் திராட்சையும் ஆவிச்சட்டியும்: வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு

வெலிமடையில் இருக்கிற நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வீட்டுத் திராட்சைக் கொடி இந்தமுறை தாறுமாறாகக் காய்த்துவிட்டது, எல்லாம் கொட்டைப் பழம், ஆவியில் பழச்சாறு எடுக்க உங்களிடம் இருக்கிற ஆவிச்சட்டி மாதிரி ஒன்று வாங்கட்டுமா என்று. போன வாரம்தான் அதன் குழாயை மாற்றி முடித்தேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதினால் புகழ்ந்துவிடுவேன்.

கீழே தண்ணீர், நடுவில் சாறு சேரும் பாத்திரம், மேலே ஓட்டைக் கூடை, பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய், அதை நெரித்துப் பிடிக்க ஒரு கம்பிக் கிளிப். எத்தனை லீற்றர், எந்த ஸ்டீல் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். எங்களுக்கு அது மாமி மகள் ஜெர்மனியிலிருந்து வரும்போது கொண்டுவந்தது.

பண்டாரவளையில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே கொடி ஓடுகிறது. அம்மா தோட்டத்தில் வேலை செய்தவர், தேயிலைக்கு வெட்டுகிற மாதிரியே இதற்கும் ஈவிரக்கம் இல்லாமல் கவ்வாத்து வெட்டுவார். அதுதான் சரியும்கூட. குளிர்நாட்டில் இலை உதிர்த்துத் தூங்கி எழும்புகிற கொடி நம் நாட்டில் தூங்குவதில்லை, வெட்டினால்தான் புதுத் தளிர் விட்டுப் பூக்கும். பங்குனியில் வெட்டினால் நாலைந்து மாதத்தில், எங்கள் ஊவா மாகாணத்தில் மழை குறைந்த காலமாகப் பார்த்துப் பழுக்கும். பிந்தினால் ஒக்டோபர் மழை பிடித்துக்கொள்ளும், தோல் வெடித்துப் பூஞ்சணம் கட்டிவிடும். பறித்த பிறகு திராட்சை பழுக்காது, வாழைத்தார் மாதிரி முன்னாலேயே வெட்டிச் சாக்குக்குள் போட்டு வைக்க வழியில்லை. ஆக எல்லாக் குலையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் குசினிக்கு வந்து சேரும். பக்கத்து வீடுகளுக்கு முதல் தட்டு கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள், இரண்டாவது தட்டுக்குக் கதவு திறக்க யோசிப்பார்கள். கடையில் கொட்டையில்லாத பழம் வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்குத் துப்பிச் சாப்பிடப் பொறுமை கிடையாது.

பிளெண்டரில் அடித்தால் ஆயிற்றே என்பவர்கள் ஒரு தரம் அடித்துக் குடித்துப் பார்க்கட்டும். விதை நொறுங்கினால் உள்ளே இருக்கிற துவர்ப்பும் கசப்பும் முழுவதும் சாற்றில் இறங்கும், எவ்வளவு சீனி கொட்டினாலும் நாக்கு இழுத்துக்கொள்ளும். கையால் பிசைந்து துணியில் வடித்தால் நல்ல சாறுதான், ஆனால் அம்மாவுக்கு முழங்கை வலிக்கும், எனக்கு நேரமில்லை. காயவைத்து உலர் திராட்சை ஆக்கலாம் என்றால் பின்னேரமானால் இறங்குகிற பனியில் எதைக் காயவைப்பது?

இங்கேதான் ஆவிச்சட்டியை மறுக்க முடியாது. குலையைக் கழுவி, காம்போடு கூடையில் போட்டு மூடினால் போதும். ஆவி தோலைத்தான் வெடிக்க வைக்கிறது, விதையைத் தொடுவதில்லை. முடிந்தபின் மூடியைத் திறந்தால் பழமெல்லாம் நிறம் இழந்து சுருங்கித் தோலும் சதையுமாகப் படிந்து கிடக்கும், நடுநடுவே விதைகள் மட்டும் உடையாமல் முழுசாக முழித்துக்கொண்டிருக்கும். ஐந்து கிலோ போட்டால் 750 மில்லி போத்தல் நாலு நிறையும். தெளிந்த கருஞ்சிவப்புச் சாறு, துளிக் கசப்பு கிடையாது. கொதிநீரில் போட்டெடுத்த போத்தலில் சுடச்சுட ஊற்றி இறுக்கி மூடினால் மாதக்கணக்கில் இருக்கிறது. (பழைய சாராயப் போத்தல்தான் வசதி, ஆனால் அதை மேசையில் வைக்கும்போது வருகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.)

சரி, இப்போது அந்தக் கிளிப். இந்தச் சட்டியைச் செய்தவர் சாறு இறங்கும்போது பக்கத்தில் நின்றதே இல்லை என்று நினைக்கிறேன். இவ்வளவு தடிப்பான ஸ்டீலைப் போட்டுவிட்டு, கொதிக்கிற சாற்றுக்கும் என் காலுக்கும் நடுவே நிற்கிற ஒரே பொருளைத் துணி காயப்போடும் கிளிப்பைவிட மட்டமாகச் செய்திருக்கிறார். புதிதில் இறுக்கமாகத்தான் இருந்தது. சூடுபட்டுச் சூடுபட்டுக் கம்பி தளர்ந்து, முதலில் சொட்டியது, பிறகு நூலாக ஒழுகியது, இப்போது குசினிச் சீமெந்துத் தரையில் ஊதா வட்டம் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. குழாயும் வாய்ப்பக்கம் விறைத்து வெடித்தது. ஹார்ட்வெயார் கடையில் கொடுத்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய் சூட்டில் தொளதொளத்து மடிந்துபோனது, சாற்றிலும் பிளாஸ்டிக் வாசம். கடைசியில் பால் பண்ணைச் சாமான் விற்கிற கடையில், கறவை மெஷினுக்குப் போடுகிற சிலிக்கன் குழாயை அளந்து வெட்டி வாங்கினேன். அதுதான் நிற்கிறது. கிளிப்புக்கு இன்னும் வழியில்லை, குழாயை மடித்து சைக்கிள் டியூப் துண்டால் கட்டி வைத்திருக்கிறேன். இந்த விலைச் சட்டிக்கு இந்தக் கோலம்.

அடுத்தது கேஸ். கையேட்டில் திராட்சைக்கு முக்கால் மணித்தியாலம் என்று இருக்கிறது. இங்கே ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும், ஆவியின் சூடும் அவ்வளவுதான், அதனால் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் தாண்டுகிறது. இடையில் அடிச்சட்டித் தண்ணீரையும் பார்த்துக்கொள்ள வேண்டும், வற்றினால் சட்டி கருகும். 2022இல் கேஸ் கிடைக்காத மாதங்களில் அம்மா அதைத் தூக்கி விறகடுப்பில் வைத்து மிலாறு (கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) எரித்தார். வேலை சுத்தமாக நடந்தது, அடிக்கரியைத் தேய்ப்பதுதான் என் பங்குக்கு வந்தது. சாற்றை ஜெலி ஆக்குகிறவர்களுக்கும் இதே உயரக் கணக்குதான். புத்தகத்தில் போட்டிருக்கிற 104, 105 பாகை வரை காத்திருந்தால் பாகு முறுகிவிடும், இங்கே 100 வந்ததும் இறக்குங்கள்.

பிரிட்ஜில் வைத்த போத்தலின் அடியில் பளபளவென்று துகள் தெரிந்தால் கண்ணாடி உடைந்துவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். அது திராட்சையின் புளிப்பு குளிரில் உப்பாகப் படிவது. கேக்குக்குப் போடுகிற கிறீம் ஒஃப் டாட்டரும் அதே சாமான்தான். இரண்டு இரவு வைத்து மேலாக ஊற்றிக்கொண்டால் போதும்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வருடத்தில் சில நாள் வேலைக்கு இத்தனை காசும், மிச்ச நாளெல்லாம் அலுமாரிக்கு மேலே அரைவாசி இடமும் கொடுக்கத் தேவையில்லை. என்னுடையதை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வரும்போது இறுக்கமான கிளிப் ஒன்று எங்கேயாவது தேடி வாங்கி வாருங்கள், திருப்பித் தரும்போது அதையும் சேர்த்தே தர வேண்டும்.