பாரிக்கெல்லோவா, மாஸாவா?

பிரேசில் கார் பந்தய வீரர்கள் ரூபென்ஸ் பாரிக்கெல்லோ, ஃபெலிப்பே மாஸா இருவருமே ஃபார்முலா 1-இல் வென்றது தலா 11 பந்தயங்கள். இருவருமே ஃபெராரி அணியில் ஓட்டியவர்கள், உலகப் பட்டம் வெல்லாதவர்கள்.

நீடித்து நின்றவர் பாரிக்கெல்லோ: 1993 முதல் 2011 வரை 19 சீசன்கள், 68 முறை மேடை (முதல் மூன்று இடங்களுக்குள்). 2002, 2004 இரண்டிலும் பட்டப் போட்டியில் சக ஃபெராரி வீரர் மைக்கேல் ஷூமாக்கருக்கு அடுத்த இடம். ஆனால் பலருக்கு முதலில் நினைவு வருவது 2002 ஆஸ்திரியா பந்தயம்தான். அணி உத்தரவுப்படி கடைசிச் சுற்றில், கோட்டுக்குச் சற்று முன் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். சொந்த ஊரான சாவோ பாவ்லோவில் ஒருமுறைகூட வெல்லவில்லை. 2003-இல் முன்னணியில் இருந்தபோது பெட்ரோல் தீர்ந்தது.

மாஸா அங்கே 2006, 2008 என இருமுறை வென்றார். 2008 பட்டம் போனது ஒரே புள்ளியில்: ஹாமில்டன் 98, மாஸா 97. சீசனின் கடைசிப் பந்தயமான அந்த சாவோ பாவ்லோ பந்தயத்தின் கடைசி வளைவில், ஹாமில்டன் இன்னொரு வீரரான டிமோ க்ளாக்கை முந்தியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்பே ஹங்கேரியில் முன்னிலையில் இருந்தபோது, மூன்று சுற்று மிச்சமிருக்க எஞ்சின் போனது. சிங்கப்பூரிலும் அவர்தான் முன்னிலை. எரிபொருள் நிரப்ப நிற்கும் பிட்டில், கிளம்பச் சொல்லும் பச்சை விளக்கு அவசரமாக எரிய, எரிபொருள் குழாயோடு கிளம்பி 13-ஆம் இடத்தில் முடித்தார்.

உச்சத் திறமைக்கு என் ஓட்டு மாஸாவுக்கு. ஆனால் பாரிக்கெல்லோ பின்னர் பிரேசிலின் உள்நாட்டுக் கார் பந்தயத் தொடரான ஸ்டாக் கார் பட்டத்தை 2014, 2022 இரண்டிலும் வென்றதற்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.