இந்திராநகர் ஒயின் சுவைப்பு வகுப்பு: பணம் கொடுத்துப் போகலாமா?

பெங்களூரு இந்திராநகர் நூறடிச் சாலையை ஒட்டிய ஓர் உணவகத்தின் மாடியில் மாதந்தோறும் நடைபெறும் ஒயின் சுவைப்பு வகுப்பைப் பற்றி நண்பர்கள் பலர் விசாரித்துக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் இடத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இரண்டு மணி நேரத்தில் ஐந்து ஒயின்கள் தருகிறார்கள். கட்டணம், நல்ல உணவகம் ஒன்றில் இருவர் இரவுணவு உண்பதற்கு ஆகும் தொகையை நெருங்கும்.

ஏற்பாடுகளில் பெரும்பாலும் குறை சொல்ல இடமில்லை. வாய் குறுகிய, 215 மில்லி கொள்ளும் தரநிலைக் கோப்பையில் ஏறத்தாழ 50 மில்லி மட்டுமே ஊற்றினார்கள். மணம் மேலே தேங்கி நிற்க அந்த வெற்றிடம் வேண்டும். துப்புவதற்குத் தனிப் பாத்திரமும் இருந்தது. சிவப்பு ஒயினை மட்டும் மேசையிலேயே வைத்திருந்து வெதுவெதுப்பாகப் பரிமாறினார்கள். 'சிவப்பை அறை வெப்பத்தில் அருந்த வேண்டும்' என்ற மரபு குளிர்நாட்டு அறைகளை வைத்து உருவானது. 16 முதல் 18 டிகிரி வரை இருக்க வேண்டியதை நம் ஏப்ரல் மாத மாடியில் அப்படியே ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

என் முதன்மையான மனக்குறை வேறு. உட்கார்ந்தவுடனேயே, ஒவ்வோர் ஒயினிலும் என்னென்ன மணங்களை உணர வேண்டும் என்று அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பிளாக்கரன்ட், எல்டர் பூ, செடார் மரம் என நீண்ட அந்தப் பட்டியலில் உள்ளவற்றை அங்கிருந்தவர்களில் எத்தனை பேர் முகர்ந்திருப்பார்கள்? முகர்ந்திருந்தாலும், விடையைப் படித்த பிறகு மூக்கு சுயமாக எதையும் தேடாது. 2001ஆம் ஆண்டு வெளியான, பிரான்ஸின் போர்தோவில் நடந்த ஆய்வு ஒன்றில், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை ஒயினை 54 ஒயினியல் மாணவர்களிடம் கொடுத்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள். பயிற்சி பெற்றவர்களையே நிறம் இவ்வளவு தூரம் இழுத்துச் செல்லுமென்றால், புதியவர்களை அச்சிட்ட சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் வந்தது நாசிக் பகுதியின் சாவிஞ்ஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். தாளில் 'நெல்லி இனப் பழம்' என்றிருந்தது. எனக்கோ உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கொய்யாதான் தோன்றியது. இது வெறும் கற்பனையும் அன்று: இந்த ஒயினுக்கு வெப்பமண்டலப் பழத்தின் சாயலைத் தரும் கந்தகச் சேர்மங்கள் கொய்யாவிலும் உள்ளன.

அடுத்து, சில ஆண்டுகள் முதிர்ந்த ஜெர்மானிய ரீஸ்லிங். அந்த மாலையில் நான் மிகவும் ரசித்தது இதையே. வெயில் நன்கு பட்ட ரீஸ்லிங் திராட்சையிலிருந்து செய்த ஒயின் புட்டியில் முதிரும்போது டிடிஎன் என்ற சேர்மம் கூடி, தெளிவான மண்ணெண்ணெய் வாசனையைத் தரும். தாளில் அதைப் 'பெட்ரோலிய நறுமணம்' என்று நாகரிகமாக எழுதியிருந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்று நீல மண்ணெண்ணெயைத் தகரக் கேனில் வாங்கிவந்து, அம்மா பம்ப் ஸ்டவ்வின் அடைப்பை ஊசியால் குத்திச் சுடரை நீலமாக்கும் வரை காத்திருந்த தலைமுறைக்கு இந்த மணம் பசியோடு சேர்ந்தது. பக்கத்திலிருந்த இளைஞர் ஒருவர் முகத்தைச் சுளித்துக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவர் வீட்டில் எரிவாயு மட்டுமே இருந்திருக்க வேண்டும். மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் தாலமஸ் என்ற பகுதி வழியாகச் சுற்றிச் செல்கையில், மணம் மட்டும் உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் மூளைப் பகுதிகளை நேரடியாகவே அடைகிறது என்று நடத்துநர் இந்த இடத்தில் விளக்கியது பொருத்தமாக இருந்தது.

வெதுவெதுப்பாக வந்த சிவப்பு, நந்தி மலையடிவாரத்து குரோவர் நிறுவனத்தின் லா ரெசர்வ். கேபர்னே சாவிஞ்ஞோன், ஷிராஸ் என்ற இரு திராட்சை வகைகள் கலந்து ஓக் பீப்பாயில் முதிர்ந்தது. சற்றுக் குளிரவைத்து வாங்கிய இரண்டாவது கோப்பையில் மிளகு எழுந்தது. ஷிராஸில் காணப்படும் ரொட்டண்டோன் என்ற சேர்மம்தான் நம் அஞ்சறைப் பெட்டி மிளகின் மணத்துக்கும் காரணம். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு அது மூக்கில் படுவதே இல்லை என்பதால், மிளகு தெரியாதவர்கள் வருந்த வேண்டாம். நான்காவதாகத் தந்த மொஸ்காத்தோ தாஸ்தி என்ற இத்தாலிய இனிப்பு ஒயின் சற்றே திகட்டியது. ஆயினும் அதிலுள்ள லினலூல், ஜெரானியால் என்ற சேர்மங்களின் மணம், கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீரையும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையையும் ஒருசேர நினைவூட்டியது. இந்த ஒயினைப் போலவே அந்தத் திராட்சையும் மஸ்கட் என்ற திராட்சைக் குடும்பம்தான்.

கடைசியாக வந்தது பெங்களூரு நீலத் திராட்சையில் செய்த மலிவான இனிப்பு ஒயின். தாளில் இதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. லப்ரஸ்கா என்ற அமெரிக்கத் திராட்சை இனத்தின் வழிவந்த இதை ஒயின் பண்டிதர்கள் மதிப்பதில்லை. அதன் முரட்டு இனிப்பு மணத்தைத் தரும் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற சேர்மம் மல்லிகைப் பூவிலும் உண்டு என்பதை அவர்கள் ஒருவேளை பொருட்படுத்தமாட்டார்கள். படிக்க ஒன்றும் இல்லாததால் எல்லாரும் பேசத் தொடங்கினார்கள். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவர், "எங்க வீட்ல கிறிஸ்துமஸுக்கு ரொம்ப முன்னாடியே பீங்கான் ஜாடியில திராட்சை, சர்க்கரை, கோதுமை எல்லாம் போட்டு வச்சிருவாங்க, தினமும் மரக்கரண்டியால கிண்டுறது என் வேலை" என்றார். "அதுக்கப்புறம் என்ன ஆகும், அங்கிள்?" என்று நடத்துநர் தமிழிலேயே கேட்க, வகுப்பு அரை மணி நேரம் நீண்டது. சுவையை மட்டும் பார்த்தால் ஐந்தில் இதுவே கடைசி. ஆனால் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி எனக்கு இங்கேதான் திரும்பக் கிடைத்தது.

ஆகவே, போகலாம். தாளைக் கவிழ்த்து வைத்து, முகர்ந்தவுடன் தோன்றுவதை அதன் பின்பக்கத்தில் எழுதிவிட்டுப் பிறகு திருப்பிப் பாருங்கள். சிவப்பு ஒயினுக்குக் கூச்சப்படாமல் பனிக்கட்டி வாளியைக் கேட்டு வாங்குங்கள். அத்தர், சென்ட் பூசிக்கொண்டு போனால் உங்களுக்கு மட்டுமன்றிப் பக்கத்து நாற்காலிக்கும் மணம் கெடும். மல்லிகைச் சரத்துக்கும் இதே விதிதான். இந்திராநகர் மெட்ரோ நிலையம் அருகிலேயே இருப்பதால் வண்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம்.